சீதன வளவில் ஓடிய ஆறு

யோசேப் தன் இளைய மகள் டினுஷாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டுக்குள், குடிபுகுவதற்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், ஆறு வந்தது. தண்ணீர் வரவில்லை. 2014ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவர் முன்கதவைத் திறந்தபோது தரை காய்ந்திருந்தது, சுவரின் வெள்ளையும் காய்ந்திருந்தது. ஆனால் யன்னல் உயரத்தில் மணலை மீன்கள் கூட்டமாக முன் அறையிலிருந்து குசினிக்குப் போய்க்கொண்டிருந்தன. யோசேப் உள்ளே கால் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரம் மெல்ல மேலெழுந்து மிதந்தது. கைகளை வீசினால் ஆற்றில் வீசுவதுபோலக் கனத்தது. தீக்குச்சி கிழித்துப் பார்த்தார், எரிந்தது. மூச்சு விட்டார், விட முடிந்தது. பின் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, மனைவி அஞ்சலாவிடம் தேநீர் கேட்டார்.

செட்டிபாளையம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஊர். வாவியை அங்கே யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்பார்கள். இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வான். யோசேப் மேசன். ஊரில் முப்பத்தொரு பெண்களின் சீதன வீடுகள் அவர் கையால் எழுந்தவை. மூத்த மகள் மேர்லினுக்குத் தான் குடியிருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு அஞ்சலாவோடு ஒதுங்கினார். இளையவளுக்குக் கொடுக்க நிலம் இருக்கவில்லை. வளவின் முடிவில், ஆற்றோரச் சேற்றில் வளரும் கண்ணா மரங்களின் பற்றை இருந்தது. அதற்குப் பிறகு ஆறு. அந்த வரிசையிலுள்ள எட்டு வளவுகளின் பழைய காணி உறுதிகளிலும் மேற்கு எல்லை என்ற இடத்தில் ஆறு என்றுதான் எழுதியிருக்கிறது. எத்தனை முழம், எத்தனை அடி என்று எதுவும் இல்லை. தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுவரை வளவு என்பது ஊர்ப் பேச்சு.

யோசேப் அளந்தது 2012ஆம் ஆண்டு ஆவணியில். அந்த வருடம் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தது, ஆறு வற்றிச் சுருங்கி நடுவில் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. ஆகவே அவருடைய வளவு நூற்றி நாற்பது அடி நீண்டிருந்தது. அவர் எல்லைக் கட்டை அடித்தார். அதைப் பார்த்து மற்ற ஏழு வளவுக்காரரும் கட்டை அடித்தார்கள். அவர்களுக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். கண்ணா மரங்களை வெட்டி விறகாக்கினார்கள். பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடையும் டிப்பர் லொறியும் வைத்திருந்த காத்தான்குடி அப்துல் மஜீத், யோசேப்பின் வளவுக்கு மட்டும் நூற்றிப் பன்னிரண்டு லோட் கிறவல் மண் கொண்டுவந்து கொட்டினார். அடுத்த இரண்டு மாரியும் பொய்த்தன. ஆறு எழும்பவில்லை. யோசேப் வேலை முடிந்து வந்த பின்னேரங்களிலும் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒவ்வொரு கல்லாக வைத்து, மூன்று அறையும் விறாந்தையுமாக வீட்டைக் கட்டி முடித்தார். அவர் கட்டியவற்றிலேயே நேரான சுவர்கள் அந்த வீட்டுடையவை என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

பிறகு அந்தக் கார்த்திகையில் மழை வந்தது. ஆறு பழைய மட்டத்துக்கு எழும்பியது. கொட்டி உயர்த்திய கிறவல் தண்ணீரை வெளியே நிறுத்தியது, ஆற்றை நிறுத்தவில்லை.

முதல் இரண்டு நாட்கள் அஞ்சலா இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. யன்னல்களைச் சாத்திவைத்தாள். ஆனால் மீன்கொத்தி ஒன்று எப்படியோ உள்ளே வந்துவிட்டது. மின்விசிறியின் இறக்கையில் இருந்து குதித்து, முன் அறையின் நடுவில் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு மீண்டும் இறக்கையில் போய் இருந்தது. அஞ்சலா கையாலேயே இரண்டு செத்தல் மீன் பிடித்துக் குழம்பு வைத்துப் பார்த்தாள். மற்ற மீன்களைப்போலவே இருந்தது, உப்பு மட்டும் சற்றுக் கூட வேண்டியிருந்தது. பங்குத் தந்தை வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அந்த வீட்டின் தரையை நனைத்தது அந்தத் தீர்த்தம் ஒன்றுதான்.

மாப்பிள்ளை ஜொய்சன் மாங்கேணியைச் சேர்ந்தவன், தோணி எஞ்சின் திருத்துபவன். அவனும் டினுஷாவும் மட்டக்களப்பில் ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்து, ஒரே பஸ்ஸில் பத்து மாதம் போய்வந்து, பிறகுதான் பெரியவர்களிடம் சொன்னார்கள். தையில் கலியாணம் என்று பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவது வழக்கம். ஜொய்சனின் தாய் புஸ்பம் அந்த ஞாயிற்றுக்கிழமை மகனோடும் பலகாரத் தட்டோடும் வந்து இறங்கினாள். சிரித்துக்கொண்டுதான் படியேறினாள். கதவுக்கு உள்ளே ஒரு காலை வைத்தாள். அவளுடைய சேலை முந்தானை தோளிலிருந்து எழுந்து நீரில் அவிழ்வதுபோல அவிழ்ந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே படியிறங்கினாள்.

“நனையாது மச்சாள். இஞ்ச பாருங்க, என்ட கை காஞ்சுதான் இரிக்கி,” என்றாள் அஞ்சலா.

“நனையாட்டியும் தண்ணி தண்ணிதான். கோவிக்காதங்க மச்சாள். என்ட மனிசன ஒருக்காத் தண்ணிக்குக் குடுத்திட்டன். மகனையும் குடுக்க ஏலா.”

புஸ்பத்தின் கணவன் 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் போனவன். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கிணற்றடியில்கூட வாளியைத் தூர வைத்துத்தான் குளித்தாள். அவள் கலியாணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த வீடு வேண்டாம் என்றாள். இந்தக் கரையில் இரண்டும் ஒன்றுதான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பஸ் வரும்வரை அவள் வீதியில் நின்றாள். ஜொய்சன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

விசாரித்தபோது, மற்ற ஏழு வளவிலும் இதே கதை என்று தெரிந்தது. பெண்பிள்ளைகளின் சம்பந்தம் கெட்டுப்போகும் என்று யாரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். தபாற்கந்தோரில் வேலை செய்த உதயரூபன் தன் புதுக் குசினியில் இறால் திரிவதை மறைக்கக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி வைத்து, வளர்ப்பதாகச் சொல்லிவந்தார். கிறவல் கொட்டாமல் கண்ணாவோடு கிடந்த கோயில் காணியில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை; அங்கே தண்ணீர் தண்ணீராகவே நின்றது. எட்டு வளவையும் நடந்து பார்த்துவந்த டினுஷா பாலர் பாடசாலையில் ரீச்சர். அன்று பின்னேரம் தகப்பனிடம் வந்தாள்.

“அப்பா, இந்த வீட்டைக் கழட்டுவம்.”

“உனக்கென்ன விசரா புள்ள? ஒண்டரை வருசம் கட்டினது.”

“ஆறு நம்மட வீட்டுக்குள்ள வரல்ல அப்பா. நாமதான் அதுட வீட்டுக்குள்ள போய்க் கல்லடுக்கியிரிக்கம்.”

“வீடில்லாம உன்ன ஆருகா கட்டுவான்?”

“கட்டுறவன் கட்டட்டும். கட்டாட்டி ரீச்சராவே இருந்து கிழவியாகிறன். மீனோட குடித்தனம் நடத்த ஏலா.”

யோசேப் அவளை ஏசினார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்க் கூரையின் முதல் ஓட்டைக் கழற்றினார். அவர் வாழ்க்கையில் கட்டியதை இறக்குவது அதுவே முதல் தடவை. எப்படி இறக்குவதென்று தெரியாததால், கட்டிய அதே ஒழுங்கில் பின்னோக்கிப் போனார்: ஓடு, வளை, யன்னல், பிறகு மேல் வரிக் கல். உடைக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் முழுதாக இறக்கி அடுக்கினார். ஒரு வரிக் கல் இறங்கிய ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் ஒரு விரல் உயரம் உண்மையான தண்ணீர் ஊறியது என்பதை அவர் கொத்துக் கரண்டிப் பிடியால் அளந்து பார்த்துக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜொய்சன் முதல் பஸ்ஸில் வந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. ஒரு உளியை எடுத்துக்கொண்டு, இறக்கிய கற்களில் ஒட்டியிருந்த சாந்தைக் கொத்தத் தொடங்கினான். டினுஷா இன்னொரு உளியோடு எதிரில் வந்து இருந்தாள். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் கல்லைச் சுத்தமாக்கினார்கள். அதிகம் பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மேர்லின் தேநீர் கொண்டுவரும்போதெல்லாம் இருவருடைய கற்குவியல்களும் முன்னையதைவிட ஒரு சாண் நெருங்கியிருந்தன என்பதை மட்டும் அவள் சொன்னாள்.

புஸ்பம் மகனின் நகத்துக்குள் சிவப்புத் தூளைக் கண்டாள். பத்தாவது ஞாயிற்றுக்கிழமை அடுத்த பஸ்ஸில் பின்தொடர்ந்தாள். வந்து பார்த்தபோது மூன்று அறை இருந்த இடத்தில் இடுப்பளவு சுவர்தான் நின்றது, அதற்குள் முழங்காலளவு தண்ணீரில் யோசேப் நின்றார்.

“என்னண்ணன், கட்டினதக் கழட்டுறீங்க?”

“ஆத்துட இடம்.”

“என்ட சொல்லுக்காகவா?”

“இல்ல. என்ட மகளுக்காக.”

புஸ்பம் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு ஒரு கல்லை எடுத்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, “உளி ஒண்டு தா மனே,” என்று மகனிடம் கேட்டாள்.

அன்று மத்தியானச் சோற்றுக்கு எல்லோரும் இருந்தபோது மேர்லின்தான் அதைச் சொன்னாள்: தன் வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே முற்றம் சும்மாதானே கிடக்கிறது, அதில் பாதியைத் தங்கைக்கு எழுதுவோம். அவளுடைய கணவன் ஜெராட், அந்த முற்றத்தில் கராஜ் கட்ட வைத்திருந்த எண்ணத்தை அங்கேயே சோற்றோடு விழுங்கினான். இறக்கிய கற்களைக் கொண்டு யோசேப் அங்கே இரண்டு அறை வீடு கட்டினார். புஸ்பம் வந்து ஒவ்வொரு மூலையிலும் குனிந்து பார்த்தாள். மீன் இல்லை. 2015 ஆவணியில் கலியாணம் நடந்தது.

கிறவல் இன்னும் கிடந்தது. யோசேப் மஜீதின் கடைக்குப் போனார்.

“அள்ளுறதா?” என்றார் மஜீத். “அண்ணன், கொட்டக்குள்ள உங்கட வாயில இருந்து ‘காணாது, இன்னம் கொண்டா’ எண்டதத் தவிர வேற சொல்லு வரல்லயே.”

“இப்பச் சொல்லுறன் காக்கா. காணும்.”

மஜீத் அள்ளினார். யோசேப்பின் வளவில் தண்ணீர் திரும்பி வந்து சாதாரணத் தண்ணீராக நின்றதைக் கண்டு, மற்ற ஏழு பேரும் தாங்கள் கட்டியதையும் இறக்கிவிட்டு ஒருவர் பின் ஒருவராகக் கடைக்கு வந்தார்கள். உதயரூபன் கடைசியாக வந்து, கண்ணாடித் தொட்டியை மஜீதுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். லொறி போய்வர நடுவில் எட்டடி அகலத்தில் ஒரு கிறவல் பாதையை விட்டுவைத்தே இருபுறமும் தோண்டினார்கள். எட்டு வளவையும் தோண்டி முடித்தபோது, தான் நிற்கும் பாதையை லொறி அள்ள முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கியது. அது அப்படியே கிடந்தது. இருபுறமும் தண்ணீர், நடுவில் கால் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய பாதை. அந்தப் பாதையின் மேல் மட்டும் ஆறு நனைக்காமல் போய்க்கொண்டிருந்தது. மீன்கள் இந்தப் பக்கத் தண்ணீரிலிருந்து அந்தப் பக்கத் தண்ணீருக்குப் பாதையைக் கடந்துபோயின. கோடையில் கணுக்காலளவில், மாரியில் இடுப்பளவில், நடுவில் தாழ்ந்து கிடந்த ஓரிடத்தில் கழுத்தளவில்.

கண்ணாவை யாரும் நடவில்லை. கோயில் காணியிலிருந்து காய்கள் மிதந்து வந்து குத்தி நின்று முளைத்தன. இரண்டாம் வருடம் அவை முழங்கால் உயரம். மூன்றாம் வருடம் நீர்க்காகங்கள் வந்து இறக்கை விரித்துக் காயவைத்தன. நாலாம் வருடம் நீர்நாய் ஒன்று குட்டிகளோடு வந்து, பாதையின் நடுவில், காற்றில் நீந்திக்கொண்டே ஒரு கொடுவா மீனைத் தின்றது. கூழைக்கடாக்கள் மார்கழியில் வந்து மாசியில் போயின. அஞ்சலா அத்தாங்கு வலையோடு இறங்கினால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு சட்டி இறாலோடு ஏறினாள். முன்பு அதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டியிருந்தது. கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே நடந்தார்கள், ஏனென்றால் பிரதான வீதியில் நடந்தால் பஸ் அடிக்கும். சைக்கிளில் போகிறவர்கள் மீன்களுக்கும் மணி அடிக்கப் பழகினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து குடும்பங்கள் வந்தன. கடலைவண்டிக்காரர் ஒருவர் நிரந்தரமாக இடம் பிடித்தார். பாலர் பாடசாலைக்கு யன்னலில்லாத வகுப்பறை கிடைத்ததென்று டினுஷா சொன்னாள். பெருமழை பெய்த வருடங்களில் ஆறு கண்ணாவுக்குள் விரிந்து நின்றுவிட்டு அப்படியே திரும்பியது. வீட்டுப் படிகளுக்கு வரவில்லை. நடப்பவர்கள் உட்கார்ந்து ஆறப் பிரதேச சபை இரண்டு வாங்கு கொடுத்தது.

மஜீதின் மனைவி சித்தி நபீஸா தினமும் பின்னேரம் கடை பூட்டும்வரை அந்தப் பாதையில் நடப்பார். 2019இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்தச் சித்திரைக்குப் பிறகு அவர் வரவில்லை. மஜீத் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரோடும் பேசாமல் இருந்தார். ஏழு மாதம் போனது. எட்டாம் மாதம் ஒரு பின்னேரம் சித்தி நபீஸா பாதைத் தொடக்கத்தில் வந்து நின்றார். அங்கே இறால் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த அஞ்சலா எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கூடவே நடந்தாள். அவர்கள் அன்று பேசியது இறாலைப் பற்றி மட்டும்.

2021இல் புஸ்பத்துக்குச் சீனி வருத்தம் கண்டது. மாங்கேணியில் தனியே இருக்க முடியாமல் மகனோடும் மருமகளோடும் வந்து சேர்ந்தாள். வீட்டின் முன்பக்க அறையைக் கேட்டு எடுத்தாள், அதன் யன்னல் வீதியைப் பார்க்கும். ஆற்றுப் பக்கக் கதவால் அவள் ஒருநாளும் போகவில்லை. பேத்தியைப் பாதைக்குக் கொண்டுபோக விடவில்லை. டினுஷாவோடு அதனால் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள். அவள் முற்றத்தில், கிணற்றுக்கும் கேற்றுக்கும் நடுவே, நூறு தரம் நடந்தாள். கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று தாதி சொன்னதை ஜொய்சன் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள் தாயின் காலடியில் இருந்து சொல்லி அழுதான்.

பெற்றோல் இல்லாமல் நாடே நடந்துதிரிந்த 2022இன் நடுப்பகுதியில், மருந்து கட்டிக் கட்டி விரல் புண் ஆறியதும், சித்தி நபீஸா வந்து கேற்றில் நின்றார்.

“வாங்க கா, நடப்பம்.”

“எனக்கு ஏலா. அதுக்குள்ள தண்ணி.”

“எனக்குந்தான் பயம் இரிந்திச்சு, வேற பயம். வாங்க. கைய நான் புடிக்கிறன். நீங்க விழுந்தா உங்கட பாரத்துக்கு நானும் விழுவன், பெறகு மீன்தான் ரெண்டு பேரையும் தூக்கணும்.”

புஸ்பம் சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைப் போட்டாள். முதல் நாள் கணுக்காலளவில் நின்று திரும்பினாள். ஒரு கிழமை அப்படியே. இரண்டாம் கிழமை முழங்கால். மாரி தொடங்கி ஆறு எழும்பியபோது அவள் நின்றுவிடுவாள் என்று வீட்டார் நினைத்தார்கள், அவள் நிற்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் பாதை தாழும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆறு வயிற்றுக்கு ஏறியது, நெஞ்சுக்கு ஏறியது, கழுத்துக்கு வந்தது. கொண்டை அவிழ்ந்து நரைமுடி பின்னால் மிதந்தது. ஒரு மணலைக் கூட்டம் அவளுடைய தோளுக்கு மேலால் பிரிந்து போய்ப் பின்னால் சேர்ந்துகொண்டது. அவள் சித்தி நபீஸாவின் கையை விட்டாள். இன்னும் ஓரடி இறங்கிக் குனிந்து, தலையையும் ஆற்றுக்குள் கொடுத்தாள். உள்ளே மூச்சு விட முடிந்தது. அன்று அவள் அதைப் பலமுறை விட்டுப் பார்த்தாள். கணவனின் பெயரை ஒருமுறை சொன்னாள் என்றும், அது தண்ணீருக்குள் சொல்வதுபோலத் தடித்துக் கேட்டது என்றும் சித்தி நபீஸா சொல்வார். பதில் ஒன்றும் வரவில்லை. அவள் நிமிர்ந்து கொண்டையை முடிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் புஸ்பம் தானே பிரதேச சபைக்குப் போய்க் கடிதம் கொடுத்தாள். மூன்றாவது வாங்கை அந்தத் தாழ்ந்த இடத்தில் போட்டார்கள். விரல் போகவில்லை, சீனியும் இறங்கியிருக்கிறது. பேத்தி பள்ளி விட்டு வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய், இது மணலை, இது ஓரா, அது நீர்நாய், கிட்டப் போகாதே என்று சொல்லிக்கொடுப்பாள். பின்னேரங்களில் அவளும் சித்தி நபீஸாவும் அந்த வாங்கில் இருந்து மருந்துகளைப் பற்றியும் மருமக்களைப் பற்றியும் கதைப்பார்கள். ஆறு அவர்களுடைய தலைக்கு மேலால் போய்க்கொண்டிருக்கும். மழை தூறினால் மட்டும் நனைந்துவிடுவோம் என்று எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.